மணி பார்த்தா, பிள்ளையைப் பார்த்தா? தாய்ப்பால் கொடுக்கும் கணக்கு

[காட்சி: மாலை 6 மணி. மூன்று வாரக் குழந்தை அம்மாவின் மடியில் நெளிகிறது.]

அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் குடித்தது. மறுபடியும் வாயைத் திறக்கிறது. "பால் பத்தலைம்மா, ஒரு சங்கு பவுடர் பால் கலக்கிக் கொடு" என்று வீட்டில் ஒரு குரல் எழும். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் பல வீடுகளில் தாய்ப்பால் குறைய ஆரம்பிப்பதே அந்த ஒரு சங்கில்தான்.

[காட்சி: மார்பின் உட்புறப் படம். பால் நுண்பைகள் நிரம்பி, வடிகின்றன.]

இறைத்த கிணறு ஊறும் என்பார்களே, மார்புக்கும் அதே கணக்கு. குழந்தை சப்பும்போது தாயின் உடலில் இரண்டு ஹார்மோன்கள் வேலை செய்கின்றன. புரோலாக்டின் பாலைச் சுரக்க வைக்கும். ஆக்சிடோசின் அதை வெளியே தள்ளும். பால் மார்பிலேயே தேங்கினால், அதிலிருக்கும் ஒரு பொருள் சுரக்கும் செல்களை "போதும்" என்று அடக்கிவிடும்.

இப்போது அந்தச் சங்குக்கு வருவோம். பவுடர் பால் குடித்த குழந்தை மூன்று மணி நேரம் அசந்து தூங்குகிறது. மார்பில் பால் தேங்குகிறது, சுரப்பு குறைகிறது. மறுநாள் மாலை குழந்தை இன்னும் அதிகமாக அழுகிறது. "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்ல?" சங்கு இரண்டாகிறது.

மாலையில் அடுத்தடுத்துக் குடிப்பது சின்னக் குழந்தைகளின் இயல்பு. மூன்றாவது, ஆறாவது வாரங்களையொட்டிச் சில நாள் இது கூடும். அந்த நாட்களில் கேட்கக் கேட்கக் கொடுத்தால் சுரப்பும் ஏறிவிடும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை என்பது பச்சிளம் குழந்தைக்குச் சாதாரணம். இரவில் புரோலாக்டின் அதிகம், அதனால் ராத்திரிப் பாலை நிறுத்த அவசரப்பட வேண்டாம்.

[காட்சி: தேக்கரண்டியில் கெட்டியான மஞ்சள் சீம்பால்.]

முதல் இரண்டு, மூன்று நாள் வருவது சீம்பால். ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவுதான் வரலாம். குழந்தையின் வயிறும் அத்தனை சின்னது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கி அடிக்கடி கொடுத்தால் கருப்பு மலம் சீக்கிரம் வெளியேறும், மஞ்சள் காமாலைக்குக் காரணமான பிலிரூபினும் அதோடு போகும். சேனை, சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் வேண்டாம். ஆறு மாதம் வரை சித்திரை வெயிலிலும் தண்ணீர் தேவையில்லை, பாலில் 87 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தானே!

[காட்சி: தூக்கத்திலிருக்கும் குழந்தையின் முகம், மிக அருகில்.]

கேட்கும்போது கொடு என்றால், அழும்போது கொடு என்று பொருளில்லை. இமைக்குள் கண்மணி உருள்கிறது. உதடு சப்புக்கொட்டுகிறது. கை வாய்க்குப் போகிறது. கன்னத்தில் துணி பட்டால்கூடத் தலை அந்தப் பக்கம் திரும்புகிறது. இதுதான் நேரம். அழுகை கடைசி அறிகுறி; வீறிட்டு அழும்போது நாக்கு மேலே தூக்கிக்கொள்ளும், காம்பைப் பிடிக்க வராது. ஆடையில்லாமல் நெஞ்சோடு அணைத்து, அடங்கிய பிறகு கொடுங்கள்.

பிடிப்பு சரியில்லை என்றால் எத்தனை முறை கொடுத்தும் பயனில்லை. வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளிப்பக்கம் மடிந்து, தாடை மார்பில் பதிந்திருக்க வேண்டும். காம்பைச் சுற்றிய கருவட்டம் மேல்பக்கம் அதிகமாகவும் கீழ்பக்கம் குறைவாகவும் தெரிய வேண்டும். கன்னம் குழிந்தால், காம்பு வலித்தால், சுண்டு விரலை வாயோரம் விட்டு விடுவித்து மறுபடி வையுங்கள். ஒரு பக்கம் குழந்தை தானாக விடும் வரை குடிக்கட்டும். மார்பு காலியாகக் காலியாகக் கொழுப்பு கூடும். கடிகாரம் பார்த்துப் பாதியில் மாற்றினால் அது கிடைக்காது.

[காட்சி: கொடியில் காயும் ஈரத்துணிகள்.]

பால் போதுமா? கொடியைப் பாருங்கள். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது வெளிர் நிறத்தில் சிறுநீர். அதற்குள் மலம் மஞ்சளுக்கு மாறியிருக்க வேண்டும். முதல் சில நாளில் எடை கொஞ்சம் இறங்கும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பிவிடும். மார்பு மெத்தென்று ஆகிவிட்டது, பம்ப்பில் கொஞ்சம்தான் வந்தது என்பதெல்லாம் அளவுகோலே இல்லை.

கேட்கும்போது கொடு என்பதில் ஒரு விலக்கு, கட்டாயம் கவனியுங்கள். எடை குறைவாகவோ குறைமாதத்திலோ பிறந்த குழந்தை, காமாலையால் சோர்ந்த குழந்தை, இவர்கள் பசித்தாலும் கேட்க மாட்டார்கள். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்களே எழுப்பிக் கொடுக்க வேண்டும். எழுப்பியும் குடிக்கவில்லை, சிறுநீர் குறைகிறது, எடை இறங்கிக்கொண்டே போகிறது என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். அப்போது மருத்துவர் மேல்பால் சொன்னால் தயங்காமல் கொடுங்கள், கூடவே பாலைப் பீய்ச்சிச் சுரப்பைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

[காட்சி: ஒன்றரை வயதுக் குழந்தை, தட்டில் பருப்புச் சோறு.]

ஆறு மாதம் முடிந்ததும் மசித்த சோறு, பருப்பு, முட்டை எல்லாம் வரும். பால் நிற்காது. இரண்டு வயது வரையும் அதற்குப் பிறகும் தொடரலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டாம் வயதில்கூட ஒரு குழந்தைக்குத் தேவையான கலோரியில் மூன்றில் ஒரு பங்கைத் தாய்ப்பால் தர முடியும். காய்ச்சல் நாளில் இது நன்றாகத் தெரியும்: தட்டைத் தள்ளிவிடும் பிள்ளை மார்பை மட்டும் தேடும். வயிற்றுப்போக்கு என்றாலும் பாலை நிறுத்தாதீர்கள், ஓ.ஆர்.எஸ். கரைசலோடு, கேட்கிற ஒவ்வொரு முறையும் கொடுங்கள்.