குழாயடியில் கோழிக்கறி

நேயர்களுக்கு வணக்கம். ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி வாங்கி வந்தால், பை நேரே சிங்குக்குத்தான் போகும். மஞ்சள்தூள், கல்லுப்பு போட்டு நாலு தண்ணி அலசினால்தான் நமக்குத் திருப்தி. அந்த நாலு தண்ணியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். கிருமியைப் பற்றிய பேச்சுதான், ஆனால் பாதிக்கு மேல் தண்ணீரைப் பற்றியது.

பச்சைக் கோழியில் சால்மொனெல்லா, காம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியாக்கள் இருக்கக்கூடும். வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் இவற்றின் வேலை. இவை தாமாக எழுந்து பறப்பதில்லை. தண்ணீர்த்துளிதான் இவற்றுக்கு வண்டி.

சமையலறையில் இருப்பவர்கள் இப்போதே ஒன்று செய்து பாருங்கள். ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்து, குழாயை மெல்லத் திறந்து விடுங்கள். தண்ணீர் விழும் இடத்தைச் சுற்றிக் கண்ணாடி போல மெல்லிய வட்டம் ஒன்று தெரியும். அதற்கு வெளியே வரப்பு கட்டினாற்போல் தண்ணீர் சட்டென்று உயர்ந்து நிற்கும். உள்ளே வேகமான, மெல்லிய ஓட்டம். வரப்புக்கு அப்பால் மெதுவான, தடித்த ஓட்டம். ராலே பிரபு என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் 1914-லேயே இதற்குக் கணக்குப் போட்டிருக்கிறார். தட்டு கெட்டியாக இருந்து குழாயும் தாழ்வாக இருந்தால் தண்ணீர் பரவி வழியுமே தவிர அதிகம் தெறிக்காது.

இப்போது தட்டை எடுத்துவிட்டுக் கோழியை வையுங்கள். கோழி மெத்தென்றிருக்கும், தண்ணீர் விழுந்த இடம் குழியும். குழியின் வளைவில் ஏறும் தண்ணீர் பக்கவாட்டில் போகாமல் மேல்நோக்கித் திரும்புகிறது. கரண்டிக் குழியைக் குழாய்க்கடியில் நீட்டினால் சட்டை நனையுமே, அதே கதைதான். அமெரிக்காவின் மொன்டானா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வுக் குழு இதைப் படம்பிடித்து 2022-ல் வெளியிட்டது. கோழியைச் சுற்றிப் பெரிய அகர் தட்டுகளை, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் தட்டுகளை வைத்து, தெறித்த துளிகளில் பாக்டீரியா இருப்பதையும் காட்டினார்கள். கெட்டியான பரப்பைவிட மெத்தென்ற பரப்பில் தெறிப்பு அதிகம். குழாய் உயர உயர இன்னும் அதிகம்.

உயரம் ஏன் முக்கியம்? டீக்கடையில் மாஸ்டர் ஆத்துவதை நினைத்துக்கொள்ளுங்கள். குவளைக்குக் கிட்டே டீ வழவழவென்று கயிறு போல இறங்கும். கையை உயர்த்த உயர்த்தக் கயிறு நெளியும், கடைசியில் துளித்துளியாக உடையும். குழாய்த் தண்ணீரும் அப்படித்தான். நெளிந்து வரும் தண்ணீர், அதே வேகத்தில் நேராக வரும் தண்ணீரைவிட மோசமாகத் தெறிக்கும். ஆகவே மறுபடியும் சொல்கிறேன்: உயரமான குழாயும் மெத்தென்ற கறியும் சேர்ந்தால் தெறிப்புதான்.

வட கரோலினாவில் நடத்தி 2019-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், கோழியில் தீங்கில்லாத அடையாளக் கிருமியைத் தடவிக் கொடுத்துச் சமைக்கச் சொன்னார்கள். கோழியைக் கழுவியவர்களில் 60 சதவீதம் பேரின் சிங்கில் அது இருந்தது. சிங்கைத் தேய்த்த பிறகும் 14 சதவீதம் பேரிடம் மிச்சம் இருந்தது. கழுவியவர்களில் 26 சதவீதம் பேரின் சாலட் கீரைக்கும் அது போய்விட்டது. ஆனால் கோழியைக் கழுவாதவர்களிலும் 31 சதவீதம் பேரின் கீரையில் அது இருந்தது! கோழியைத் தொட்ட கையைச் சரியாகக் கழுவவில்லை, அவ்வளவுதான். ஆகவே குற்றத்தை முழுக்கக் குழாய்மேல் போட முடியாது.

கழுவாமல் சமையுங்கள் என்பதுதான் நிபுணர்களின் அறிவுரை. நம் ஊரில் கறிக்கடைக் கோழியில் இறகும் ரத்தமும் ஒட்டியிருக்கும்போது அது எடுபடாது என்று எனக்குத் தெரியும். கழுவித்தான் ஆகவேண்டும் என்றால், அகலமான பாத்திரத்தைச் சிங்குக்குள் வைத்து முதலில் தண்ணீர் பிடியுங்கள். குழாயை மூடுங்கள். பிறகு கறியைப் போட்டு, தண்ணீருக்குள்ளேயே அலசுங்கள். கொட்டும்போது பாத்திரத்தின் விளிம்பைச் சிங்கின் அடியில் சாய்த்துக் கொட்டுங்கள். பக்கத்தில் வெள்ளரிக்காயோ தயிர்ப்பச்சடியோ இருக்கக் கூடாது. பிறகு சிங்கைச் சோப்புப் போட்டுத் தேய்த்துச் சுடுதண்ணீர் ஊற்றுங்கள், கையை 20 வினாடி சோப்பால் கழுவுங்கள். மஞ்சளையும் எலுமிச்சையையும் ருசிக்குப் போடுங்கள், கிருமிக்கு அவற்றை நம்பாதீர்கள். அதற்கு அடுப்புதான்: தடித்த துண்டின் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் வரவேண்டும்.

நேரமாகிவிட்டது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். கிருமிக்கும் ஓட்டத்துக்கும் உள்ள உறவு பால் பண்ணையிலும் உண்டு, அதை ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்கிறேன். கிருமியைக் கொல்லப் பாலை 72 டிகிரியில் 15 வினாடி வைக்கவேண்டும் என்பது விதி. ஓடும் பாலை எப்படி வைப்பது? நீளமான குழாயில் ஓடவிட்டு. ஆனால் குழாயின் சுவரோரம் பால் மெதுவாகவும் நடுவில் வேகமாகவும் ஓடும். ஓட்டம் அடுக்கடுக்காக, அமைதியாக இருந்தால், நடுப்பாலின் வேகம் சராசரியைப்போல் இரண்டு மடங்கு. சராசரியை வைத்துக் குழாயின் நீளத்தைத் தீர்மானித்தால், நடுப்பாலுக்குக் கிடைப்பது ஏழரை வினாடிதான். அதனால் அங்கே கணக்கு எப்போதும் மிக வேகமாக ஓடும் பாலுக்குத்தான். சூடு குறைந்தால் குழாயின் கோடியில் உள்ள வால்வு திரும்பி, பாலை மறுபடி ஆரம்பத்துக்கே அனுப்பிவிடும். வணக்கம்.