கொலையாளியின் பெயரைப் பின்னணி இசையிலேயே சொல்லிவிட்ட தொடர்!

(திரையில்: கறுப்புப் பின்னணி. புள்ளிகளும் கோடுகளும் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன.)

வணக்கம். கொலை செய்தது யார் என்ற கேள்விக்கு, துப்பறியும் அதிகாரி வாய் திறப்பதற்கு முன்பாகவே, ஒரு தொலைக்காட்சித் தொடரின் பின்னணி இசை பதில் சொல்லிவிட்டது என்றால் நம்புவீர்களா? அந்தப் பதிலைக் கோடிக்கணக்கான காதுகள் கேட்டன. ஆனால் கேட்டது பதில்தான் என்று உணர்ந்தவர்கள் மிகச் சிலரே. மர்ம நாவல்களையும் துப்பறியும் தொடர்களையும் உணவுக்கு இணையாக நேசிக்கும் எனக்கு, இந்த ஒரு செய்தியைப் பற்றியே ஒரு வீடியோ முழுவதும் பேச முடியும். நல்ல வேளையாக இதைவிடச் சுவையான விஷயங்களும் இருக்கின்றன. ஆகவே கடைசி வரை இருங்கள். இந்த வீடியோவில் எந்தக் கதையின் முடிவையும் சொல்லப் போவதில்லை என்று இப்போதே வாக்குக் கொடுத்துவிடுகிறேன்.

அந்தத் தொடரின் பெயர் 'இன்ஸ்பெக்டர் மோர்ஸ்'. 1987 முதல் 2000 வரை பிரிட்டனின் ஐடிவி அலைவரிசையில் 33 அத்தியாயங்களாக ஒளிபரப்பானது. ஆக்ஸ்ஃபோர்டு நகரம், பழைய சிவப்பு ஜாகுவார் கார், ஓபரா இசையில் மூழ்கிக் கிடக்கும் சிடுமூஞ்சித் துப்பறிவாளர், அந்த வேடத்தில் ஜான் தா. இசையமைத்தவர் பாரிங்டன் ஃபெலூங். கதாநாயகனின் பெயர் மோர்ஸ் என்பதால், தந்தியில் பயன்பட்ட மோர்ஸ் குறியீட்டையே அவர் முகப்பு இசையின் தாளமாக வைத்தார். நமக்குப் புரியும்படி சொன்னால், இது குறிலும் நெடிலும் மட்டுமே கொண்ட ஒரு யாப்பு. 'எம்' என்பதற்கு இரண்டு நெடில், 'ஓ' என்பதற்கு மூன்று நெடில், 'ஆர்' என்பதற்குக் குறில் நெடில் குறில், 'எஸ்' என்பதற்கு மூன்று குறில், 'ஈ' என்பதற்கு ஒரே ஒரு குறில். இந்த வரிசையைத் தெரிந்துகொண்டு முகப்பு இசையை மறுபடியும் கேளுங்கள். பிறகு அதை வெறும் இசையாகக் கேட்கவே உங்களால் முடியாது.

ஃபெலூங் இதோடு நிற்கவில்லை. சில அத்தியாயங்களின் பின்னணி இசைக்குள் அதே குறியீட்டில் கொலையாளியின் பெயரையே எழுதி வைத்தார். அதைவிடக் குறும்பு, வேறு சில அத்தியாயங்களில் குற்றமே செய்யாத ஒருவரின் பெயரை எழுதி வைத்து, குறியீடு தெரிந்த அதிமேதாவிகளையும் தவறான வழியில் அனுப்பினார். பொய்த் துப்பு கொடுப்பது எழுத்தாளரின் வேலை என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். வயலின் வாசிப்பவர்களையும் அந்தக் கூட்டுச் சதியில் சேர்க்கலாம் என்பதை அறிந்த நாளிலிருந்து எந்தத் தொடரின் இசையையும் நான் முழுமையாக நம்புவதில்லை.

மூல நாவல்களை எழுதிய காலின் டெக்ஸ்டர் ஒரு குறுக்கெழுத்துப் பித்தர். குறுக்கெழுத்துப் போட்டிகளில் பேர் பெற்றவரும் வங்கித் தலைவருமான சர் ஜெரெமி மோர்ஸின் பெயரைத்தான் தன் கதாநாயகனுக்குச் சூட்டினார். ஆகவே, புதிரின் மீது பிறந்த பாத்திரம் இசையிலும் புதிராகவே ஒலித்தது பொருத்தமே.

இப்போது உண்மையான கேள்விக்கு வருவோம். கொலையாளியை ஒளித்து வைக்க ஒரு தொடர் ஏன் இவ்வளவு தூரம் மெனக்கெட வேண்டும்? புத்தகத்தில் ஒளிப்பது எளிது, திரையில் ஒளிப்பது மிகக் கடினம் என்பதே என் பதில்.

(திரையில்: பழைய நூல் அட்டைகள் வேகமாகக் கடந்து போகின்றன.)

வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன்: 1841-இல் எட்கர் ஆலன் போ தொடங்கி வைத்தார், 1868-இல் வில்கி காலின்ஸ் அதை நாவலாக வளர்த்தார், 1887-இல் ஷெர்லக் ஹோம்ஸ் வந்து சேர்ந்தார், முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இந்த வகை எழுத்து உச்சம் தொட்டது. அவ்வளவுதான்.

அந்த உச்சக் காலத்தில் இது ஒரு விளையாட்டாகவே கருதப்பட்டது. விளையாட்டென்றால் விதிகள் வேண்டும் அல்லவா? ரோனால்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் 1929-இல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகளை வகுத்தார். துப்பறிவாளர் கண்டெடுக்கும் தடயம் உடனே வாசகருக்கும் காட்டப்பட வேண்டும் என்பது ஒன்று. ரகசிய அறையோ வழியோ ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இன்னொன்று. ஒன்று வரை பரவாயில்லை என்ற அந்தப் பாதிரியாரின் பெருந்தன்மையை நான் மிகவும் ரசிக்கிறேன். முன்னறிவிப்பு இல்லாமல் இரட்டைப் பிறவிகளைக் கொண்டுவரக் கூடாது என்பது இன்னுமொன்று. இந்த விதியைத் தொலைக்காட்சித் தொடர்களை எழுதுகிறவர்கள் எல்லோரும் சுவரில் மாட்டி வைத்தால் உலகம் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

விதிகளுக்குள் நின்றுகொண்டே நாவலாசிரியரால் ஏமாற்ற முடியும், ஏனென்றால் வாசகர் எதைப் பார்க்க வேண்டும் என்பதை வாக்கியம் மட்டுமே தீர்மானிக்கிறது. ஒரு மேசையின் மீது ஏழு பொருள்கள் இருந்தன என்று பட்டியல் இட்டு, உண்மையான தடயத்தை ஐந்தாவதாக வைத்து, ஏழாவதாக ஒரு ரத்தக்கறை படிந்த கத்தியை வைத்துவிட்டால், ஐந்தாவதை நினைவில் வைத்திருப்பவர் யார்? தடயம் நம் கண்ணெதிரிலேயே இருந்தது. நாம்தான் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அகதா கிறிஸ்டி 1926-இல் வெளியிட்ட 'ரோஜர் அக்ராய்டின் கொலை' இந்தக் கலையின் சிகரம். அந்த ஏமாற்று முழுவதும் சொல்லும் முறையில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தை முடித்த பிறகு முதலிலிருந்து படித்தால், பொய்யென்று சுட்டிக்காட்ட ஒரு வாக்கியம்கூட அகப்படாமல் நீங்கள் திணறுவீர்கள்.

அதே மேசையைக் கேமராவின் முன் வையுங்கள். ஏழு பொருள்களும் ஒரே நொடியில் தெரிந்துவிடும். ஐந்தாவது பொருளின் மீது கேமரா அரை நொடி அதிகமாக நின்றாலே பார்வையாளர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். நிற்கவே இல்லை என்றால், அது காட்டப்படவே இல்லை என்று பிறகு சண்டைக்கு வருவார். நாவல் ஒரு பாத்திரத்தை 'அறைக்குள் இன்னும் சிலர் இருந்தார்கள்' என்ற வரியில் கரைத்துவிடலாம். திரையில் அந்தச் 'சிலருக்கும்' முகம் உண்டு, சட்டை நிறம் உண்டு, சம்பளமும் உண்டு.

சம்பளம் என்றதும் எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் வருகிறது. துப்பறியும் தொடர்களைத் தொடர்ந்து பார்க்கிறவர்கள் அனைவரும் இந்தக் குறுக்குவழியைக் கற்று வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்: அந்த வார அத்தியாயத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெரிய நடிகர், இரண்டே வசனம் பேசும் தோட்டக்காரராகவோ வழக்கறிஞராகவோ வந்து போனால், கொலையாளி அவர்தான். தடயம் வேண்டாம், தர்க்கம் வேண்டாம், நடிகர் பட்டியலே போதும். எந்தக் கட்டளையாலும் தடுக்க முடியாத கசிவு இது. இந்தப் பழக்கம் எனக்கும் உண்டு. அதனால் என்னுடன் தொடர் பார்க்க வீட்டில் யாரும் சம்மதிப்பதில்லை.

(திரையில்: நிறுத்தப்பட்ட ஒரு காட்சி, ஒருவர் கேமராவை நேராகப் பார்க்கிறார்.)

இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியவர்களில் என் மனம் கவர்ந்தவர்கள், பள்ளிப் பருவத்திலிருந்தே ஒன்றாக எழுதிய ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்ற அமெரிக்க இரட்டையர்கள். அவர்கள் 1975-இல் 'எல்லரி குவீன்' நாவல்களைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தார்கள். 1929-இல் தொடங்கிய அந்த நாவல் வரிசையின் ஆரம்ப நூல்களில் ஓர் அற்புதமான வழக்கம் உண்டு: முடிவுக்குச் சற்று முன்பு கதை நின்றுவிடும், தடயங்கள் எல்லாம் இப்போது உங்கள் கையில் இருக்கின்றன, நீங்களே கண்டுபிடியுங்கள் என்று வாசகருக்கு ஒரு சவால் வரும். தொடரிலோ கதாநாயகனாக நடித்த ஜிம் ஹட்டன், கடைசிப் பகுதிக்கு முன் கேமராவின் பக்கம் திரும்பி அதே சவாலைப் பார்வையாளரிடம் விடுத்தார். எனக்கு இது கொண்டாட்டம். ஆனால் தொடர் ஒரே சீசனில் முடிந்தது. புத்தகத்தில் சவால் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு ஒரு வாரம்கூட யோசிக்கலாம், பின்னால் புரட்டலாம். அன்றைய தொலைக்காட்சியில் விளம்பரம் முடிவதற்குள் யோசித்தாக வேண்டும். இந்த ஒப்பீடு நியாயமே இல்லாத போட்டி என்பது என் கருத்து.

இதே இருவர் அதற்கு முன்பே வேறொரு வழியைக் கண்டுபிடித்திருந்தார்கள். இந்த வீடியோவில் நான் மிகவும் ஆவலோடு காத்திருந்த பகுதி இதுதான். ஒளிப்பது இவ்வளவு கடினம் என்றால், ஒளிக்கவே வேண்டாம்! 'கொலம்போ' தொடரில், கொலை நம் கண் முன்னால் நடக்கிறது. யார், எப்படி, எதற்காக என்பதெல்லாம் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். கதாநாயகன் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வந்து சேர்வார், அதுவும் கசங்கிய மழைக்கோட்டோடு. அந்தக் கோட்டு நடிகர் பீட்டர் ஃபால்க்கின் சொந்தக் கோட்டு.

இந்த உத்தியை முதலில் செய்து காட்டியவர் ஆங்கில எழுத்தாளர் ஆர். ஆஸ்டின் ஃப்ரீமன், அவருடைய 1912-ஆம் ஆண்டுத் தொகுப்பில் முதல் பாதியில் குற்றம் நடக்கும், இரண்டாம் பாதியில் டாக்டர் தார்ன்டைக் அதைக் கண்டுபிடிப்பார். குற்றத்தைப் பார்த்துவிட்ட வாசகருக்குக்கூட, பார்த்தவற்றில் எது தடயம் என்பது தெரியாது என்பதே ஃப்ரீமன் கண்டுகொண்ட ரகசியம். கொலம்போவின் பாத்திரத்துக்கு வித்து, தஸ்தாயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலில் வரும் விசாரணை அதிகாரி போர்ஃபிரி. அவரும் இப்படித்தான், பணிவாகப் பேசுவார், சம்பந்தமில்லாமல் எதையோ உளறுவது போலிருக்கும், கிளம்பியும் விடுவார், பிறகு வாசலில் நின்று திரும்புவார்.

இந்த வழியால் நட்சத்திரச் சிக்கல் அப்படியே தலைகீழாகிவிட்டது என்பதுதான் எனக்குப் பேரானந்தம். பெரிய நடிகர்தான் கொலையாளி என்று யூகிப்பதற்கு இங்கே இடமில்லை. ஆமாம், அவர்தான், முதல் காட்சியிலேயே பார்த்தீர்களே என்று தொடரே சொல்லிவிடுகிறது. ஆகவே புகழ்பெற்றவர்களைக் கொலையாளிகளாக அழைத்து வர எந்தத் தடையும் இருக்கவில்லை. 1972-இல் ஜான் கசாவெட்டிஸ் இசைக்குழு நடத்துனராக வந்தார்; 1974-இல் பாடகர் ஜானி கேஷ் ஒரு பாடகராகவே வந்து கொலை செய்தார்; பேட்ரிக் மெக்கூஹன் நான்கு முறை கொலையாளியாக நடித்து, அவற்றில் இரண்டுக்கு எம்மி விருது வாங்கினார். விருந்தினராக வந்து கொலை செய்துவிட்டு விருதோடு போவதற்கு இதைவிட நல்ல வேலை இருக்க முடியுமா?

முன்னோட்டப் படங்களுக்குப் பிறகு 1971-இல் முறையான தொடராக ஒளிபரப்பான முதல் அத்தியாயத்தை இயக்கியவர் அப்போது 24 வயதே ஆன ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். அதில் கொலையாளி யார் தெரியுமா? இருவர் சேர்ந்து எழுதும் மர்ம நாவல் இரட்டையரில் ஒருவர், கொல்லப்படுபவர் மற்றவர், எழுதும் திறமை முழுவதும் கொல்லப்பட்டவரிடம்தான் இருந்தது. இரட்டையர்கள் உருவாக்கிய தொடரில் இப்படி ஒரு கதை ஒளிபரப்பான வாரம், லெவின்சனும் லிங்க்கும் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்து நான் பலமுறை சிரித்திருக்கிறேன். 2003 வரை மொத்தம் 69 அத்தியாயங்கள். வாசகர் கேட்கும் கேள்வி 'யார்' என்பதிலிருந்து 'எங்கே சறுக்குவார்' என்பதற்கு மாறியதால், மறுபடி பார்த்தாலும் சுவை குறைவதில்லை. முடிவு தெரிந்துவிட்டால் மர்மக் கதை செத்துப்போகும் என்று சொல்கிறவர்களை, தயவுசெய்து இந்தத் தொடரின் முன் ஒரு மாலை உட்கார வையுங்கள்.

லெவின்சனும் லிங்க்கும் பீட்டர் ஃபிஷரோடு சேர்ந்து பிற்பாடு உருவாக்கிய 'மர்டர், ஷி ரோட்' 1984 முதல் 1996 வரை ஓடியது. அதன் கதாநாயகியே ஒரு மர்ம நாவலாசிரியை என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

ஜப்பானில் கோக்கி மிதானி 1994-இல் எழுதத் தொடங்கிய 'ஃபுருஹாதா நின்சாபுரோ', நான் சொன்ன இரண்டு வழிகளையும் ஒன்றாகப் பின்னியது. கொலையாளியை முதலிலேயே காட்டிவிடுவார்கள். முடிவுக்கு முன் திரை இருண்டு, துப்பறிவாளர் நம்மைப் பார்த்துப் பேசுவார். கொலையாளி யார் என்பது தெரிந்த கதையில் சவாலுக்கு என்ன இடம் என்கிறீர்களா? அவர் எப்படிப் பிடிபட்டார் என்பதை நாம் சொல்ல வேண்டும். 2006-இல் இதன் சிறப்பு அத்தியாயம் ஒன்றில் பேஸ்பால் வீரர் இச்சிரோ, இச்சிரோவாகவே வந்து கொலையாளியாக நடித்தார். ஒரு நாட்டின் மிகப் பெரிய விளையாட்டு வீரர் தன் சொந்தப் பெயரில் கொலைகாரராகத் தோன்றச் சம்மதித்தார் என்றால், அந்த நாட்டினர் இந்த வகைக் கதையை எவ்வளவு நேசிக்கிறார்கள் என்று பாருங்கள்.

கொலையாளியைக் கடைசி வரை ஒளித்த தொடர்கள் தோற்றுவிட்டன என்று நான் சொல்லவில்லை. 2013-இல் வந்த 'பிராட்சர்ச்' தொடரின் படப்பிடிப்பு தொடங்கியபோது, கொலையாளி யார் என்பது நடிகர்களுக்கே தெரியாது; தெரியாததை எந்த முகமும் காட்டிக்கொடுக்க முடியாதல்லவா? இசைக்குள் ஒளித்ததற்கும் நடிகர்களிடமிருந்தே ஒளித்ததற்கும் நோக்கம் ஒன்றுதான்.

எதில் தொடங்குவது என்று கேட்பீர்கள். கிறிஸ்டியின் அந்த 1926 நாவலைப் படிக்காதவர்கள், டேவிட் சூஷே நடித்த தொலைக்காட்சி வடிவத்தைத் தொடுவதற்கு முன் கட்டாயம் நூலைப் படித்துவிடுங்கள். நல்ல நடிப்புதான், ஆனால் அந்த அதிர்ச்சி ஒருமுறைதான் கிடைக்கும், அது அச்சில் கிடைப்பதே முறை. கொலம்போவுக்கு அந்த நிபந்தனை எதுவும் இல்லை. ஸ்பீல்பெர்க் இயக்கிய அத்தியாயத்தை இன்று இரவே பார்க்கலாம். கீழே கருத்து எழுதுகிறவர்கள் எந்தக் கதையின் கொலையாளியைப் பற்றி வேண்டுமானாலும் எழுதுங்கள், பெயரை மட்டும் புள்ளியும் கோடுமாக எழுதுங்கள்.