அனுப்புநர் முகவரியை எழுதுவது யார்?

(காட்சி: மண்டபம் கடற்கரை. நண்டு ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் அலுவலகம். கணினித் திரையில் ஒரு மின்னஞ்சல்.)

"இந்தப் புதிய வங்கிக் கணக்கிற்கு இன்றே பணம் அனுப்பிவிடுங்கள்" என்று முதலாளியின் முகவரியிலிருந்து கணக்கருக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாளியோ பாம்பன் கரையில் படகுக்காரர்களிடம் விலை பேசிக்கொண்டிருக்கிறார். அவர் எதையும் அனுப்பவில்லை, அவருடைய கடவுச்சொல்லும் திருடப்படவில்லை. அப்படியானால் அவருடைய முகவரி அந்த மடலில் எப்படி வந்தது?

மின்னஞ்சலைச் சுமந்து செல்லும் எஸ்எம்டிபி நெறிமுறையை ஜோனதன் போஸ்டல் 1982 ஆகஸ்டில் எழுதி வெளியிட்டார். ஒருவரையொருவர் நம்பிய சில ஆய்வுக்கூடங்களும் பல்கலைக்கழகங்களுமே அன்று வலையமைப்பில் இருந்ததால், அனுப்புபவர் யார் என்று சோதிக்கும் ஏற்பாடு அதில் இடம்பெறவில்லை. ஒவ்வொரு மடலிலும் இரண்டு அனுப்புநர் முகவரிகள் உண்டு: மடல்களைக் கொண்டு சேர்க்கும் கணினிகளான சர்வர்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் உறை முகவரி ஒன்று, நம் கண்ணுக்குத் தெரியும் முகவரி மற்றொன்று. தபால் உறையின் மேல் அனுப்புநர் பெயரை எவரும் எழுதலாம் என்பதைப் போலவே, இவ்விரண்டையும் அனுப்புபவரே தம் விருப்பப்படி எழுதிவிட முடியும்.

(காட்சி: இரண்டு முகவரிகளும் திரையில் அடுத்தடுத்துத் தோன்றுகின்றன.)

இந்த ஓட்டையை அடைக்கப் பின்னாளில் மூன்று ஏற்பாடுகள் வந்தன. ஒரு டொமைனின், அதாவது மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பகுதியின், பெயரால் மடல் அனுப்ப எந்தெந்த சர்வர்களுக்கு அனுமதி உண்டு என்று எஸ்பிஎஃப் அறிவிக்கிறது. ஆனால் அது சோதிப்பது உறை முகவரியை மட்டுமே. டிகேஐஎம் மடலில் டிஜிட்டல் கையொப்பம் இடுகிறது. இவற்றில் ஒன்றாவது தேறி, கண்ணுக்குத் தெரியும் முகவரியோடும் பொருந்துகிறதா என்று பார்ப்பது டிமார்க். பொருந்தாத மடலை என்ன செய்வது என்பதை டொமைனின் உரிமையாளரே அறிவிக்க வேண்டும்; "கண்காணித்தால் போதும்" என்ற தொடக்க நிலையிலேயே பலர் அதை விட்டுவிடுவதால் போலி மடல் தடையின்றி உள்ளே வந்துவிடுகிறது. சொந்த டொமைன் வைத்திருக்கும் சிறு ஏற்றுமதியாளர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

மூன்றையும் சரியாக அமைத்தாலும் ஒரு வழி மிஞ்சுகிறது. ஆங்கில "எம்" எழுத்து வர வேண்டிய இடத்தில் "ஆர்", "என்" இரண்டையும் ஒட்டி எழுதி, பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் டொமைனை மோசடிக்காரர் விலைக்கு வாங்கினால், அது உண்மையிலேயே அவருடையது என்பதால் எல்லாச் சோதனைகளிலும் தேறிவிடும். கைபேசித் திரையிலோ பெரும்பாலும் பெயர் மட்டுமே தெரிகிறது.

கேட்காமலே வந்து குவியும் விளம்பர, மோசடி மடல்களான ஸ்பேம் ஒழியாததற்கு முதன்மைக் காரணம், அதன் செலவு அனுப்புபவர் தலையில் விழாததுதான். வைரஸ் தொற்றிய பிறருடைய கணினிகளே அவருக்காக உழைக்கின்றன. 2008இல் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அத்தகைய வலையமைப்பு ஒன்றுக்குள் புகுந்து கணக்கெடுத்தபோது, ஏறத்தாழ 35 கோடி மருந்து விளம்பர மடல்களுக்கு 28 பேர் மட்டுமே பொருள் வாங்க முன்வந்திருந்தனர். அதே ஆண்டு நவம்பரில் இத்தகைய வலையமைப்புகளை இயக்கிய சர்வர்களுக்கு இடமளித்த மெக்கோலோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டதும் உலகெங்கும் ஸ்பேம் சடுதியில் குறைந்தது. சில மாதங்களில் வேறு சர்வர்கள் வழியே திரும்பிவிட்டது.

ஆகவே கணக்கு எண் மாறியதாகச் சொல்லும் எந்த மடலுக்கும், அதிலுள்ள எண்ணை விடுத்து, ஏற்கெனவே தெரிந்த எண்ணில் முதலாளியை அழைத்துக் கேட்ட பிறகே பணம் அனுப்புங்கள். பணம் போய்விட்டிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் அழையுங்கள். பணம் அடுத்த கணக்கிற்கு மாறுவதற்குள் அதை முடக்கி வைக்க வாய்ப்புண்டு.