கேரியோவன்: விளக்கை உடைத்தவர்களின் மெட்டு

நேயர்களுக்கு வணக்கம். இன்று ஒரே ஒரு மெட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பெயர் கேரியோவன். அயர்லாந்தின் லிமரிக் நகரத்தில் ஒரு பகுதி அது. ‘ஜானின் தோட்டம்’ என்று பொருள்.

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் அங்கே கும்பலாகக் குடித்துவிட்டு அட்டகாசம் செய்தார்கள். பாட்டும் அதைத்தான் சொல்கிறது: தெருவிளக்கை உடைப்போம், காவல்காரனைச் சாய்ப்போம், கடனுக்காக எவனும் சிறைக்குப் போகமாட்டான். இதில் வீரம் எங்கே, தேசம் எங்கே? இதைத்தான் பட்டாளம் எடுத்துக்கொண்டது.

காரணம் தாளம். ‘தகிட தகிட’ என்று சொல்லிக்கொண்டே நடந்து பாருங்கள். இடது காலுக்கு ஒரு தகிட, வலது காலுக்கு ஒரு தகிட. கால் தானாகத் துள்ளும். பிரிட்டிஷ் ராணுவத்தின் ஐரிஷ் படைகள் இதை வாசித்தன. 1860-களில் அமெரிக்காவில் கஸ்டர் என்ற ராணுவ அதிகாரியின் 7-ஆவது குதிரைப்படைக்கும் வந்துவிட்டது. அங்கே கொண்டுவந்தவர் மைல்ஸ் கியோ என்ற ஐரிஷ் கேப்டன் என்பார்கள்.

நான் எங்கே பேசினாலும் சொல்லாமல் விடாத கதை ஒன்று உண்டு. 1868 நவம்பர் 27, இன்றைய ஓக்லஹோமாவில் வாஷிட்டா ஆற்றங்கரை. விடியற்காலை, பனி. அமெரிக்கப் பழங்குடிகளான செயென் மக்கள் கூடாரங்களில் தூங்குகிறார்கள். கஸ்டர் பேண்டுக்காரர்களைக் கேரியோவன் வாசிக்கச் சொல்கிறார். நாகஸ்வரக்காரர் சீவாளியை எச்சிலால் நனைத்துப் பதம் பார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே அந்த எச்சிலே வினையானது. கருவிக்குள் உறைந்து, சில அடிகளிலேயே வாசிப்பு நின்றுபோனது. வாசிப்புதான் நின்றது, துப்பாக்கி நிற்கவில்லை. சமாதானம் வேண்டும் என்று சொல்லிவந்த தலைவர் பிளாக் கெட்டிலும் அவர் மனைவியும் செத்தார்கள். பெண்கள், குழந்தைகளும்தான். குடிகாரப் பாட்டு, மறுபடியும் சொல்கிறேன், விளக்கை உடைத்தவர்களின் பாட்டு, அந்த ஊரை எழுப்பியது.

எட்டு வருஷம் கழித்து, 1876 ஜூன் 25, லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் பழங்குடிகளோடு சண்டை. கஸ்டர், கியோ இருவரும் அங்கே மாண்டார்கள். பேண்டுக்காரர்கள் தப்பினார்கள். பவுடர் ஆற்றுக் கிடங்கிலேயே அவர்களை விட்டுவிட்டுப் படை போயிருந்தது. படையை வழியனுப்ப அங்கே அவர்கள் வாசித்ததும் கேரியோவன்தான்.

அப்புறம், பீத்தோவன்! எடின்பரோ பதிப்பாளர் ஜார்ஜ் தாம்சனுக்காக அவரும் இந்த மெட்டுக்குப் பியானோ, வயலின், செல்லோ சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை இங்கே போட்டுக் காட்டலாம் என்று இசைத்தட்டோடு வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், அரை நிமிடம்தானாம். சரி, வணக்கம்.