சுவரைவிடக் கண்ணாடி அதிகம்

நேயர்களுக்கு வணக்கம். வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், ஒரு ஜன்னலுக்கு எத்தனை யோசனை என்று. எந்தப் பக்கம் வைப்பது, வெயில் அடிக்குமா, செலவு தாங்குமா? அதே யோசனையோடு என்னுடன் இங்கிலாந்தின் டெர்பிஷருக்கு வாருங்கள். அங்கே ஒரு மேட்டின் மேல் ஹார்ட்விக் ஹால் நிற்கிறது. 1590இல் வேலை தொடங்கி, 1597இல் குடிபுகுந்தார்கள். கட்டியவர் ஒரு பெண்மணி. ஷ்ரூஸ்பரி கோமாட்டி எலிசபெத். நான்கு கணவர்களையும் இழந்தவர். குடிபுகும்போது எழுபதை ஒட்டிய வயது.

‘சுவரைவிடக் கண்ணாடி அதிகம்’ என்று அந்த வீட்டைப் பற்றி ஆங்கிலத்தில் எதுகையோடு ஒரு சொலவடை உண்டு. அன்றைக்குக் கண்ணாடி என்றால் கொள்ளை விலை. அந்த அம்மாள் சொந்தமாகவே கண்ணாடிப் பட்டறை வைத்திருந்தார்!

சரி, வெளிச்சுவர் முழுக்க ஜன்னல் வைத்தால் புகைபோக்கி எங்கே போகும்? குளிர் நாடு, கணப்பு இல்லாமல் முடியாது. அந்த வீட்டை வடிவமைத்தவராகக் கருதப்படும் ராபர்ட் ஸ்மித்சன், புகைபோக்கிகளில் பெரும்பாலானவற்றை உள்சுவர்களுக்குள் ஏற்றிவிட்டார். எனக்கு அந்த வீட்டில் மிகப் பிடித்த விஷயம் இதுதான். வெளியே தெரிகிற அழகு, உள்ளே மறைந்திருக்கிற அந்தச் சுவர்களால் வந்தது. இன்னொன்று, மாடி ஏற ஏற ஜன்னல் உயர்ந்துகொண்டே போகும். கீழே வேலைக்காரர்கள், நடுவில் குடும்பம், உச்சியில்தான் விருந்தாளிகளை வரவேற்கும் பெரிய கூடங்கள்.

நான் போனது ஒரு சாயங்காலம். முகப்பு மேற்குப் பார்த்தது. மழை விட்டு வெயில் வந்ததும் கண்ணாடி அத்தனையும் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டதுபோல இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். ஆறு கோபுரங்களின் உச்சியிலும் கல்லில் இ, எஸ் என்று அவருடைய பெயரெழுத்துகள். எழுத்துகளின் இடுக்கில் வானம் தெரிந்தது. கழுத்து வலிக்கும்வரை நின்றேன்.

படிக்கட்டைப் பற்றியும் சொல்ல நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். மேல்மாடியின் நீண்ட கூடத்தில் சித்திரம் நெய்த 13 சுவர்த்திரைகள் உண்டு. இன்னொரு பிரபுவின் குடும்பத்திடம் வாங்கியவை. அவர்களுடைய குலச்சின்னத்தின் மேல் தன்னுடையதை ஒட்டவைத்தார் அந்த அம்மாள். அந்தச் செலவை விலையிலும் கழித்துக்கொண்டார். அத்தனை திரைகளையும் செப்பனிட 24 ஆண்டுகள் பிடித்தன. 2023இல்தான் முடித்தார்கள். வணக்கம்.