மலாயா யூனிவர்சிட்டி மரங்களும் நம்ம ஸ்கூல் தூங்குமூஞ்சியும்

(மலேசியா, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்டுல ஒரு மண்டபத்துல பேசினது)

எல்லாருக்கும் வணக்கம். பின்னுக்கு நிக்கிற தம்பிங்களா, முன்னால நாற்காலி காலியாதான் இருக்கு, வந்து உக்காருங்க. அங்க மீ கோரெங் ஆறிக்கிட்டு இருக்கு, அதனால சுருக்கமாவே பேசிடுறேன்.

நம்ம பிள்ளைங்க கொஞ்சம் பேரு இந்த வருஷம் மலாயா பல்கலைக்கழகத்துக்குப் போறாங்க, எல்லாரும் ஹாஸ்டலு, பிடிபிடிஎன் படிப்புக் கடனுன்னே கேக்குறீங்க, நான் அங்க இருக்கிற மரத்தப் பத்திப் பேசப் போறேன், சிரிக்காதீங்க. அந்தக் கேம்பஸ்ல ரிம்பா இல்முன்னு ஒரு தாவரத் தோட்டம் இருக்கு, 1974-ல ஆரம்பிச்சது, 80 ஹெக்டர். பனை வகை, எலுமிச்சை வகை, மூலிகை, ஆர்க்கிட்டுன்னு வச்சிருக்காங்க. அதுக்கு முன்னால அந்த நெலம் என்னான்னு நெனைக்கிறீங்க? ரப்பர் தோட்டம்! பால் வெட்டினது யாருன்னு இந்த ஊர்ல நான் சொல்லணுமா?

இப்ப சில பேரு உள்நாட்டு மரம்தான் மரம், அழகுக்கு வைக்கிறதெல்லாம் வெளிநாட்டுச் சரக்குன்னு பேசுறாங்க. அப்படிப் பாத்தா ரப்பரே பிரேசில் மரம்ங்க. 1877-ல சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்கு 22 கன்னு வந்துச்சு, அதுல கொஞ்சத்த இங்க பக்கத்துல கோலகங்சார்ல நட்டாங்க, அந்தக் காலத்து மரம் ஒண்ணு இன்னும் நிக்குது, போய்ப் பாருங்க. நாகலிங்கம்? நாம சிவனுக்குன்னே வச்சிருக்கோம், பூவு கெளையில பூக்காம அடிமரத்துலருந்தே நேரா வரும், உள்ள பாம்பு படம் எடுத்த மாதிரி ஒரு மடிப்பு, அதுவும் தென் அமெரிக்காவுலருந்து வந்ததுதான்.

ஆனா கப்பூர் மரம் இந்த மண்ணோடது. பச்சைக் கற்பூரம் அதுலருந்துதான் எடுத்தாங்க, அதத் தேடி நம்ம வியாபாரிங்க சுமத்ரா பாருஸ் வரைக்கும் வந்து 1088-ல தமிழ்லயே கல்வெட்டு வெட்டி வச்சிருக்காங்க, ரப்பர் மரம் வர்றதுக்கு எவ்வளவு காலம் முன்னாடி பாருங்க! கோலாலம்பூர் பக்கத்து கெப்போங் காட்டாராய்ச்சி நிலையத்துல கப்பூர் மரத்துக்குக் கீழ நின்னு அண்ணாந்து பாத்தீங்கன்னா, ஒரு மரத்தோட எல பக்கத்து மரத்தத் தொடாது, நடுவுல கோடு கோடா வானம் தெரியும். யூனிக்குப் போற பிள்ளைங்க ஒரு ஞாயித்துக்கெழம கண்டிப்பா போகணும், மால் எங்கயும் ஓடிடாது.

இத ஏன் இங்க பேசுறேன்னா, தமிழ்ப்பள்ளி கேட் பக்கத்துல நிக்கிற தூங்குமூஞ்சிய வெட்டணும்னு பேச்சு அடிபடுது, அது நம்ம நாட்டு மரமே இல்லையேன்னு ஒரு அண்ணன் சொன்னாராம். ஆமாண்ணே, அதுவும் தென் அமெரிக்கா பக்கத்து மரம்தான். அதுக்குன்னு வெட்டணுமா? சாயங்காலம் எலய மூடிக்கும், பகல்ல விரிச்சு நெழல் குடுக்கும், பஸ்ஸுக்கு நிக்கிற பிள்ளைங்க வேற எங்க ஒதுங்கும்? கெள விழுந்துடும்னு பயமா இருந்தா மரம் தெரிஞ்ச ஆளக் கூட்டியாந்து காட்டுங்க, காஞ்ச கெளய மட்டும் எடுக்கச் சொல்லுங்க.

சரி, கேள்வி கேளுங்க. பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரு மொதல்ல கேக்கட்டும்.