சம்மதம் கேட்கும் கடவுள்

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கத்தோலிக்கக் குடும்பத்தில் பிள்ளை பிறந்தால் சில வாரங்களிலேயே ஞானஸ்நானம் கொடுத்துவிடுகிறார்கள். "சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?" என்று குருவானவர் கேட்க, பெற்றோரும் ஞானப் பெற்றோரும் "விட்டுவிடுகிறோம்" என்று பதில் சொல்கிறார்கள். யாருக்காக இதெல்லாம் நடக்கிறதோ அந்தப் பிள்ளை பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். இல்லாவிட்டால் தண்ணீர் பட்டதும் வீறிட்டு அழும். கூட வந்த வேற்று மத நண்பர்கள் சிலர் கேட்பதுண்டு: "மீட்பு என்கிறீர்கள், விசுவாசம் என்கிறீர்கள், சம்பந்தப்பட்ட ஆளை ஒரு வார்த்தை கேட்கவில்லையே?"

நியாயமான கேள்விதான். இதற்குத் திருச்சபை சொல்லும் பதிலில் பாதி அந்தத் தூக்கத்திலேயே இருக்கிறது. அந்தப் பிள்ளை ஒரு நன்மையும் செய்யவில்லை, எதையும் சம்பாதிக்கவில்லை. ஆனாலும் அருள் அதைத் தேடி வருகிறது. மனிதன் தன் முயற்சியாலேயே கடவுளிடம் போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற பெலாஜியுஸ் என்ற துறவியின் போதனையை ஐந்தாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்க ஆயரான புனித அகுஸ்தினார் கடுமையாக எதிர்த்தார். பிறகு 529-இல் பிரான்சின் ஓரஞ்சு நகரில் கூடிய ஆயர்களின் சங்கம் இன்னும் ஒரு படி மேலே போனது. விசுவசிக்க வேண்டும் என்று மனதில் எழும் முதல் ஆசைகூடக் கடவுள் தருவதுதான் என்றது. வணங்குவதற்கே அவன் அருள் வேண்டும் என்று நம் பக்கத்துத் திருவாதவூர்க்காரர் மாணிக்கவாசகர் பாடியிருக்கிறார். எனவே மதுரைக்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

மீதிப் பாதி சற்றுச் சிக்கலானது. அதே அகுஸ்தினார்தான் ஒரு மறையுரையில், நம்மைக் கேட்காமல் நம்மைப் படைத்த கடவுள், நம்மைக் கேட்காமல் நம்மை மீட்கமாட்டார் என்ற கருத்தைச் சொன்னார். அப்படியானால் மீட்பில் கடவுளின் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு?

வைணவர்கள் இதே விவகாரத்தைப் பூனைக்குட்டி, குரங்குக்குட்டி என்று பேசுவார்கள். பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போகும். குட்டிக்கு வேலை இல்லை. குரங்குக்குட்டியோ தாயின் வயிற்றைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். தென்கலையார் முதலாவதைச் சொல்வார்கள், வடகலையார் இரண்டாவதை. கத்தோலிக்கர் எந்தக் கட்சி என்று என்னைக் கேட்டால், இரண்டிலும் கொஞ்சம் என்பேன். தூக்குவது தாய்தான். ஆனால் குட்டி திமிறிக்கொண்டு குதித்துவிடவும் முடியும். அது பிடித்துக்கொண்டால், பிடிக்கிற பலமும் தாய்ப்பால் கொடுத்ததுதான். 1547 ஜனவரி 13 அன்று திரெந்து நகரில் கூடிய திருச்சபையின் பொதுச்சங்கம் இறையியல் மொழியில் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: கடவுள் தொடும்போது மனிதனின் சுதந்திரம் உயிரற்ற பொருள்போலக் கிடப்பதில்லை, அது இசையலாம், விரும்பினால் மறுக்கவும் செய்யலாம்.

சரி, இரண்டும் எப்படிப் பொருந்துகின்றன? பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் தோமினிக்கன் சபை, இயேசு சபை என்ற இரண்டு கத்தோலிக்கத் துறவற சபையாரும் இதில் மோதிக்கொண்டார்கள். உரோமையில் ஆண்டுக்கணக்காக விவாதம் நடந்தது. கடைசியில் 1607-இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் எந்தப் பக்கமும் தீர்ப்பளிக்காமல் விவாதத்தை முடித்துவைத்தார். இருவரும் அவரவர் கருத்தை வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒருவரை ஒருவர் பழிக்கக்கூடாது. திருச்சபை வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த தீர்ப்புகளில் இந்தத் தீர்ப்பளிக்காத தீர்ப்பும் ஒன்று. அருள் எப்படி வேலை செய்கிறது என்று பிட்டுப் பிட்டு வைப்பதைவிட, அதற்கு இசைவது முக்கியம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

நம் மண்ணில் நடந்த கதை ஒன்று இருக்கிறது. மதுரை மறைப்பணித் தளத்தில் உழைத்த ஜான் டி பிரிட்டோ என்ற அருளானந்தரை உங்களில் பலருக்குத் தெரியும். கருமாத்தூர்க் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மறவர் சீமையில் அரச குலத்தவரான தடியத்தேவர் நோயிலிருந்து குணமடைந்தபின் அவரிடம் ஞானஸ்நானம் கேட்டார். அருளானந்தர் உடனே தலையில் தண்ணீர் ஊற்றிவிடவில்லை. உமக்குப் பல மனைவியர். ஒருவரோடு மட்டும் வாழச் சம்மதமா என்று கேட்டார். அரச குலத்தவர் ஒருவர் கிடைத்தால் போதும் என்று கண்ணை மூடிக்கொள்ளும் ஆளாக அவர் இருந்திருந்தால் இன்னும் பல வருடம் உயிரோடு இருந்திருப்பார். தடியத்தேவர் சம்மதித்தார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் மறவர் சீமையை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அவருடைய முறையீட்டில் தொடங்கிய வழக்கு, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டதில் முடிந்தது. 1947-இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது.

இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு நெருடல் உண்டு. தடியத்தேவரைக் கேட்டார்கள், அந்தப் பெண்களை யாராவது கேட்டார்களா? அந்தக் காலத்துக்கு அப்படித்தான் என்று எளிதாகத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. இன்று திருச்சபைச் சட்டம் இந்த விஷயத்தில் கறாராக இருக்கிறது. மணமகனோ மணமகளோ அச்சுறுத்தலால் சம்மதம் சொல்லியிருந்தால் அந்தத் திருமணம் செல்லாது. மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று, பத்திரிகை அடித்தாயிற்று என்பதெல்லாம் அங்கே எடுபடாது. மத நம்பிக்கைக்கும் இதே நியாயம்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட சமயச் சுதந்திர அறிக்கை, விசுவாசத்தை ஏற்கும்படி எவரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்கிறது. கட்டாயத்தில் பிறந்த விசுவாசத்தைக் கடவுளே கேட்கவில்லை.

அப்படியானால் தூங்கிய பிள்ளை? அது வளர்ந்து, ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் சடங்கான உறுதிபூசுதலுக்கு வந்து நிற்கும்போது அதே கேள்விக்குத் தன் வாயால் பதில் சொல்கிறது. அப்புறம் ஒவ்வோர் ஆண்டும் ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவில், கையில் மெழுகுதிரியோடு எழுபது வயதுப் பாட்டியும் சொல்கிறார். ஒருமுறை சொல்லிவிட்டால் ஆயுளுக்கும் போதும் என்று திருச்சபை நினைப்பதில்லை. நேற்று 'ஆம்' என்றவர் இன்று 'இல்லை' என்று திரும்பிப் போகலாம். போனவர் பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் ஒப்புரவு அருட்சாதனத்தின் வழியாக மறுபடி வரலாம்.

அந்தச் சம்மதம் கம்பீரமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. யோவான் நற்செய்தியில், முப்பத்தெட்டு ஆண்டுகளாக நோயுற்றிருந்த ஒருவர் குளத்தருகே படுத்திருக்கிறார். "நலம்பெற விரும்புகிறீரா?" என்று இயேசு கேட்கிறார். அவர் 'ஆம்' என்றுகூடச் சொல்லவில்லை. என்னைத் தண்ணீரில் இறக்கிவிட ஆள் இல்லை, எனக்கு முன்னால் வேறொருவர் இறங்கிவிடுகிறார் என்று புலம்புகிறார். இயேசு அந்தப் புலம்பலையே சம்மதமாக எடுத்துக்கொண்டார் போலும்.

கடைசிவரை மறுத்துவிட முடியுமா? முடியும் என்றுதான் திருச்சபை போதிக்கிறது; நரகம் என்று அது சொல்வது அந்த மறுப்பைத்தான். ஆனால் இன்னின்னார் விண்ணகத்தில் இருக்கிறார்கள் என்று ஆயிரக்கணக்கானோரைப் பெயர் சொல்லி அறிவித்த திருச்சபை, இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரைக்கூட அறிவித்ததில்லை. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசைப் பற்றிக்கூட. கோவில் பக்கமே வராமல் இறந்துபோன மகனை நினைத்து அழும் தாய்மார்கள் எல்லாப் பங்கிலும் உண்டு. அவன் கடைசி நிமிடத்தில் கடவுளிடம் என்ன சொன்னான் என்பது நமக்குத் தெரியாது. இறந்தோரை நினைவுகூரும் நவம்பர் 2 அன்று கல்லறைக்குப் போய் அவனுக்காகவும் தாராளமாக மெழுகுதிரி ஏற்றுங்கள்.

நன்றி, வணக்கம்.